பீடி சுற்றும் ஆச்சியும் ஜெர்மனியின் ஓய்வூதியக் கணக்கும்

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் பீடி சுற்றுகிறார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான். முதியவர்கள் பெருகினால் பொருளாதாரம் என்ன ஆகும் என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. “கிழவன் கிழவியை எண்ணுறதுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? பேங்க் பரீட்சை எழுது” என்கிறார் அப்பா. இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

இருக்கிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பொருளாதார அறிஞர் ஆக்ஸல் பெர்ஷ்-சுபான் அவர்களில் ஒருவர். அவருடைய கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அவர் 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது அவர் கையில் இருந்தது முதுமை அல்ல, வீடு. மக்கள் எந்த வீட்டை, எதனால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கணக்குப் போடும் புள்ளியியல் முறைகளில் கை தேர்ந்தவர். அதே கருவியோடு அடுத்த கேள்விக்குப் போனார்: வயதானவர் தனியாக இருப்பதும், பிள்ளையோடு இருப்பதும், முதியோர் இல்லத்தில் சேர்வதும் எதனால் முடிவாகிறது? முதலில் கணிதம் கைவந்தது, பொருள் பிறகு அமைந்தது. இந்த வரிசையை மனதில் வையுங்கள்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு தொழிற்சாலை ஆய்வு. வயதானால் வேலைத்திறன் குறையும் என்பதை நாம் எல்லோரும் கேட்காமலே நம்புகிறோம். பெர்ஷ்-சுபானும் சக ஆய்வாளர் மத்தியாஸ் வைஸும் ஜெர்மனியில் வோர்த் என்ற ஊரில் மெர்சிடஸ் லாரிகள் பூட்டப்படும் ஆலைக்குப் போனார்கள். வரிசையில் லாரி நகரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழு தன் பங்கைப் பொருத்தும். கடைசியில் பரிசோதகர்கள் பிழைகளைக் குறிப்பார்கள், ஒவ்வொரு பிழைக்கும் அதன் கடுமைக்கேற்ற மதிப்பெண் உண்டு. ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வருவார், அதனால் குழுவின் சராசரி வயது அடிக்கடி மாறும். அந்த மாற்றத்தையும் பிழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூத்தவர்கள் சின்னப் பிழைகள் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். பெரிய பிழைகளை அநேகமாகச் செய்யவே இல்லை. நெருக்கடியில் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுபது வயது வரை உற்பத்தித்திறன் சரியவில்லை.

அப்படியானால் ஜெர்மானியர்கள் ஏன் சீக்கிரமே ஓய்வு பெற்றார்கள்? 1972-ல் வந்த சட்டம், நீண்ட காலம் ஓய்வூதியச் சந்தா கட்டியவர்கள் 63 வயதிலேயே ஓய்வூதியத்தில் பிடித்தம் இல்லாமல் விலகலாம் என்றது. சில ஆண்டுகளில் சராசரி ஓய்வு வயது சட்டென்று இறங்கியது. உடம்பு ஒத்துழைக்காததால் மட்டும் அல்ல, விதி திறந்துவிட்ட வாசல் வழியாகவும் பலர் போனார்கள். பின்னாளில், ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் நிதி பற்றி ஆராய அரசு அமைத்த ரூரூப் குழுவில் பெர்ஷ்-சுபான் உறுப்பினராக இருந்தார். சந்தா கட்டுகிறவர்களோடு ஒப்பிட்டு ஓய்வூதியம் பெறுகிறவர்கள் பெருகினால் ஆண்டு உயர்வு தானாகக் குறையும் விதியை அந்தக் குழு பரிந்துரைத்தது. 2004-ல் அது சட்டமானது. கோடிக்கணக்கானவர்களின் மாத வருமானத்தை அந்தச் சூத்திரம் தொடுகிறது. எண்ணுகிற வேலையின் கனம் எவ்வளவு என்று அப்பாவுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

உங்கள் ஆச்சி இதற்கு நேர் எதிரான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே விதி வெளியே இழுத்தது. இங்கே போதுமான ஓய்வூதியம் இல்லாததால் சுளகு மடியை விட்டு இறங்குவதில்லை. ஓஏபி எனும் முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயானது. அது கிடைப்பவர் கொஞ்சம் குறைவாகப் பீடி சுற்றுகிறாரா, அல்லது அந்தப் பணம் பேரன் ஃபீஸுக்குப் போய்விட்டு வேலை அப்படியே தொடர்கிறதா? என்னைப் பொறுத்தவரை இது முதல் தரமான பொருளாதாரக் கேள்வி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் பத்தில் ஒருவர். 2036-ல் ஐந்தில் ஒருவராக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. பணக்கார நாடான பிறகு முதுமை கண்ட ஜெர்மனியின் விடைகளை அப்படியே நகலெடுக்க நமக்கு வழியில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்டாக வேண்டிய கேள்விகள் இவை.

தரவு இருக்கிறது. பெர்ஷ்-சுபான் 2004-ல் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வில் ஐம்பது தாண்டியவர்களை அவர்கள் வீட்டிலேயே சந்தித்து வருமானம், உடல்நலம், பிள்ளைகள் பற்றியெல்லாம் கேட்பார்கள். ஒரு கருவியைக் கையில் கொடுத்து முடிந்த மட்டும் அழுத்தச் சொல்லிப் பிடிவலுவையும் அளப்பார்கள். அதே ஆட்களிடம் சில ஆண்டுகள் கழித்து மறுபடி போவார்கள். அதே வழியில் ‘லாசி’ என்ற இந்திய ஆய்வு நடக்கிறது. 2017-18-ல் 45 வயது தாண்டியவர்களும் அவர்களின் வாழ்க்கைத்துணைகளுமாக 72,000-க்கும் அதிகமானவர்களைச் சந்தித்தார்கள். மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் ஆய்வு மாணவர்களுக்குத் தரவு கிடைக்கும், காசு வேண்டாம்.

இந்த வருட ப்ராஜெக்டையே அதில் செய்யுங்கள். தமிழ்நாட்டில் அறுபது தாண்டிய பெண்களை மட்டும் எடுத்து, உதவித்தொகை பெறுகிறவர், பெறாதவர் என்று பிரித்து, வேலைக்குப் போவதைப் பாருங்கள். உதவித்தொகை ஏழைகளுக்குத்தான் போகிறது, அவர்கள் எப்படியும் வேலை செய்கிறவர்கள். அதனால் நேரடி ஒப்பீடு ஏமாற்றும். அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினால் பொருளியல் அளவையியல் (எகனாமெட்ரிக்ஸ்) எதற்கு என்று புரிந்துவிடும். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு மும்பை நிறுவனம், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னை அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மூன்றையும் பாருங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: நிரந்தர இடங்கள் குறைவு, முனைவர் பட்டம் முடியச் சில வருடங்கள் ஓடிவிடும், வீட்டில் பணத் தேவை இருந்தால் அது கஷ்டமான காலம். அதனால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தேர்வை முதல் குறியாக வையுங்கள். அது கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும், அப்பாவின் கேள்விக்கும் அதுவே பதில். பேங்க் பரீட்சையையும் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் ப்ராஜெக்ட் முடிந்த பிறகு.