ஐப்பசி கார்த்திகைக் கல்யாணமும் அடைமழையும்: போட்டோ கேள்வி பதில்

டெல்டா பக்கம் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கினால், மழைக்காலக் கல்யாணம் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

அண்ணா, நவம்பர் கடைசியில் எனக்குக் கல்யாணம். முந்தின வாரம் மகாபலிபுரத்தில் ப்ரீ வெட்டிங் ஷூட். காலை ஆறு மணிக்கே வரச் சொல்கிறார் போட்டோகிராபர். மழை கெடுத்துவிடுமா? (மணப்பெண், சென்னை)

ஆறு மணி வெளிச்சம் கோடைக்குப் பொருந்தும், நவம்பருக்கு அவ்வளவாகப் பொருந்தாதும்மா. வடகிழக்குப் பருவமழையில் கடலோர ஊர்களுக்கு மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் கடலிலிருந்து ஏறி வரும். மதியத்துக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கு நேர்மாறு: பகல் சூட்டில் மேகம் கட்டி, மாலையிலும் இரவிலும் இடியோடு கொட்டும். அதனால் செப்டம்பர் ஷூட் என்றால் காலை, நவம்பர் ஷூட் என்றால் மதியம் இரண்டிலிருந்து ஐந்து. நவம்பர் கடைசியில் சென்னைப் பக்கம் 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 'மிகக் கனமழை' என்று அறிவித்தால் 24 மணி நேரத்தில் 11.5 சென்டிமீட்டருக்கு மேல் என்று அர்த்தம்; அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். மற்ற நாட்களில் கிளம்புவதற்கு முன் வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பார்த்தால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் ஓரளவு தெரிந்துவிடும். அப்புறம், கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

மழையால் ஷூட் நின்றால் அட்வான்ஸ் திரும்பாது என்கிறார்கள். நியாயமா? (பெண்ணின் தகப்பனார், தஞ்சாவூர்)

பணம் திரும்பாவிட்டாலும் மாற்றுத் தேதி கிடைக்க வேண்டும், சார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மாற்றுத் தேதி எது, ஷூட் வேண்டாம் என்று யார் முடிவு செய்வது, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு சங்கடம்.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். தாத்தா வீட்டிலேயே எடுக்கலாமா, ஊட்டி போகலாமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். (மாப்பிள்ளை)

தம்பி, வீட்டை விட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். மழைநாளில் எனக்கு வேண்டியது தலைக்கு மேல் கூரை, ஒரு பக்கம் திறந்த வானம். இவ்வளவுதான். செட்டிநாட்டு வீட்டு வளவு, அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், அதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்.

மேகமூட்டத்தில் வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது உச்சியிலிருந்து இறங்கும் வெளிச்சம். வெட்டவெளியில் நின்றால் கண்குழி இருண்டு, தூங்காத முகம்போல் விழும். அதே ஆள் முற்றத்தின் விளிம்பிலிருந்து ஒரு தூண் தள்ளி உள்ளே வந்து, முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பட்டும். இப்போது வெளிச்சம் முன்னாலிருந்து வரும், கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும், பின்னால் இருக்கும் இருட்டு ஆளைத் தனியாகப் பிரித்துக் காட்டும். முற்றத்துக்கு எதிர்த் தாழ்வாரத்திலிருந்து எடுத்தால், ஓட்டு நுனியிலிருந்து ஒழுகும் தண்ணீர் படத்தின் முன்னால் கோடு கோடாக விழும். அந்த ஒரு படத்துக்காகவே நான் மழையை எதிர்பார்த்து உட்காருவேன்.

இரண்டு எச்சரிக்கை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நனைந்தால் வழுக்கும். தண்ணீர் துடைக்க ஒருவரை நிறுத்துங்கள். வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால், சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது!

வளவு இல்லாத வீடு என்றால் திண்ணை போதும். அபார்ட்மென்ட் என்றால் பால்கனிக் கதவு போதும். ஊட்டிதான் என்று பிடிவாதமாக முடிவானால், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் மலைப்பாதையை எப்போது மூடுவார்கள் என்பது போட்டோகிராபர் கையில் இல்லை.

முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மழையில் ஒரு ஷாட் எடுக்க ஆசை. பட்டு தாங்குமா? (மணப்பெண், கும்பகோணம்)

வேண்டவே வேண்டாம். பட்டில் துளி பட்டால் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். அடர்நிற பார்டர் இருந்தால் அதன் சாயம் புடவையின் உடல் பகுதியில் இறங்கும். தெரியாமல் நனைந்துவிட்டால் தேய்க்காதீர்கள். பழைய பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, நிழலில் ஃபேன் காற்றில் உலர விடுங்கள். ஈரத்தோடு மடித்தால் சரிகை கறுத்துவிடும்.

மழை ஷாட்டுக்கு என்று ஜார்ஜெட் புடவை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், அரக்கு, மாம்பழ நிறம் எல்லாம் சாம்பல் வானத்தில் எடுப்பாகத் தெரியும். வெள்ளை, வெளிர் நிறம் நனைந்தால் உள்ளே தெரியும், தவிர்த்துவிடுங்கள். கொசுவத்தை வழக்கத்தைவிட ஒரு விரல் ஏற்றிக் கட்டினால் சேறு ஒட்டாது.

மருதாணி வைத்த பிறகு ஷூட்டா, அதற்கு முன்பா? மேக்கப் கரையாதா? (மணப்பெண்ணின் அக்கா)

மருதாணியை எடுத்த பிறகு ஒருநாளாவது தண்ணீர் படாமல் இருந்தால்தான் நன்றாகச் சிவக்கும். அதனால் மழை ஷூட்டை மருதாணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். மையும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃபாக இருக்கட்டும். முகத்தில் தண்ணீர் பட்டால் டிஷ்யூவால் ஒற்ற வேண்டும், இழுத்துத் துடைத்தால் மேக்கப்பும் கூடவே வரும். ஈரக்காற்றில் விரித்த கூந்தல் சிலிர்த்துக்கொள்ளும், பின்னல்தான் பாதுகாப்பு.

சார், நானும் போட்டோகிராபர், புதியவன். கொட்டுகிற மழையில் எடுத்தும் படத்தில் மழையே தெரியவில்லை. (திருச்சி)

மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், தம்பி. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். பாலிதீன் உறையில் சுற்றிய ஃபிளாஷை ஜோடிக்குப் பின்னால் ஆறேழு அடியில், இடுப்பு உயரத்தில், அவர்கள் உடம்பு மறைக்கும்படி வையுங்கள். ஷட்டர் 1/200 வினாடி, ஃபிளாஷ் 1/8 பவரில் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் முத்தாக நிற்கும். ஃபிளாஷ் இல்லாமல் மழையைக் கோடாகக் காட்ட ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள், ஜோடி அசையக் கூடாது.

குடை விஷயத்தில் கவனம். சிவப்புக் குடை அழகுதான், ஆனால் அதன் கீழ் முகமும் சிவந்துவிடும். கறுப்புக் குடை வெளிச்சத்தைக் குடித்துவிடும். முகம் தெரிகிற படத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடைதான். கலர்க் குடையை, தூரத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிபடர்ந்துவிடுகிறது. (அதே தம்பி)

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படுகிறது, அவ்வளவுதான். வெளியே எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். துடைத்தால் மறுபடி படரும், தானாகக் கலையட்டும். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எப்போதும் இருக்கட்டும்.

சின்ன வயதில் ஊறவைத்த அரிசியை அள்ளித் தின்றவன் நான். கல்யாணத்தில் கட்டாயம் மழை என்கிறாள் பாட்டி. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேறு சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது? (மாப்பிள்ளை, மன்னார்குடி)

பாட்டி சொன்னால் தப்பாது! தூறல் என்றால் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, பெரிய குடையோடு இரண்டு மச்சான்களை உடன் நடக்க விடுங்கள், படம் கலகலப்பாக வரும். வலுத்தால் மண்டப போர்ட்டிகோவிலேயே வரவேற்பை வைத்துக்கொள்ளலாம். ஈரத்தரையில் கரண்ட் வயர் இழுத்து லைட் போட யாரையும் விடாதீர்கள், பேட்டரி லைட் போதும். இடி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. ட்ரோனுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பீர்கள், பரவாயில்லை, அது அன்றைக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.