ஆற்றங்கரைத் தலைநகர் பிரெடெரிக்டன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், பிரெடெரிக்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதுதான் மாகாணத் தலைநகர் என்கிறார்கள். ஆனால் மிகச் சிறிய ஊராகத் தெரிகிறதே? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: 2021 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 63,116. அதே மாகாணத்தின் மாங்டனும் செயின்ட் ஜானும் அதைவிடப் பெரிய நகரங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்று தோற்றவர்கள் 1783 முதல் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் வந்து குடியேறினார்கள். 1785இல் ஆளுநர் தாமஸ் கார்ல்டன் தலைநகருக்கு இடம் தேடியபோது, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகத்தை விட்டுவிட்டு, எதிரிக் கப்பல்கள் எளிதில் நெருங்க முடியாதபடி 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருந்த இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வணிகம் துறைமுகத்தோடு தங்கிவிட, இங்கே அரசு அலுவலகமும் படை முகாமும் கல்வியும் வேரூன்றின. நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகமும் தன் தொடக்கத்தை அதே 1785இலிருந்துதான் கணக்கிடுகிறது. ஆனால், அந்தக் குடியேறிகள் வந்தபோது இது ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வோலாஸ்டோக்கியிக் என்னும் பூர்வகுடி மக்களின் மண் இது. இங்கிருந்த அக்காடிய பிரெஞ்சுக் குடியிருப்பை 1759இல் பிரிட்டிஷ் தரப்புப் படையினர் தீயிட்டு அழித்தார்கள்.

இன்றும் ஊரின் இயல்பை அரசுப் பணியும் படிப்புமே தீர்மானிக்கின்றன. 1882இல் திறக்கப்பட்ட சட்டமன்றம், 1853இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம், சால்வதோர் தாலியின் மாபெரும் ஓவியம் ஒன்றை வைத்திருக்கும் பீவர்புரூக் கலைக்கூடம் ஆகிய மூன்றும் கரையோரத்திலேயே சில நிமிட நடைதூரத்தில் இருக்கின்றன. ஆங்கிலமே பெரும்பாலும் காதில் விழும். என்றாலும் கனடாவிலேயே ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஆட்சிமொழிகளாகக் கொண்ட ஒரே மாகாணம் இது என்பதால், பிரெஞ்சு தெரிந்தவருக்கு அரசு வேலை தேடுவது எளிதாகும். உங்கள் மகள் படிக்கும்போதே அதையும் கற்றுக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை காலையில் உழவர் சந்தைக்கு அவர் அவசியம் போக வேண்டும். வசந்தத்தில் ஆற்றோரத்துப் பெரணிச் செடிகளின் இலைகள் விரியும் முன்பே, பச்சைச் சுருள்களாக இருக்கும்போதே பறித்து விற்பார்கள். அவற்றை நன்றாக வேகவைத்த பிறகே உண்ண வேண்டும்; அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வயிற்றைக் கெடுத்துவிடும். குளிர் கடுமையானது, ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரி என்பது சாதாரணம். பெருநகரின் கேளிக்கைகளையும் பேருந்து வசதிகளையும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் குளிர்காலம் நீண்டதாகத் தோன்றலாம். படிப்பில் ஆழ விரும்பும் ஒருவருக்கு இந்த ஊரை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

கேள்வி: அங்கே ஆற்று வெள்ளம் வருமாமே? அது ஆபத்தானதா?

பதில்: வரும். குளிர்காலத்தில் உறையும் ஆறு ஏப்ரல் வாக்கில் உடையும்போது, மேல்பகுதிக் காடுகளில் உருகும் பனியும் மழையும் சேர்ந்துகொண்டால் நீர் கரைமீறும். நகரில் ஆற்றின் நீர்மட்டம் 6.5 மீட்டரைத் தொட்டால் அது வெள்ளமாகக் கருதப்படும். 1973இலும் 2018இலும் நீர்மட்டம் 8 மீட்டரைத் தாண்டியது. நகருக்கு மேலே மாக்டகுவாக் அணை இருந்தாலும், அது வரும் நீரை அப்படியே கடத்தி மின்சாரம் எடுக்கும் அணையே தவிர, வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் அணை அல்ல. பனிக்கட்டியின் வலிமையும் சாதாரணமானதன்று. 1936இல் மிதந்து வந்த பனிப்பாளங்கள் முட்டி நெருக்கி இங்கிருந்த ரயில் பாலத்தையே தகர்த்துவிட்டன. 1938இல் மீண்டும் கட்டப்பட்ட அப்பாலத்தில் இப்போது ரயில் இல்லை. 1997 முதல் நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் அதில் ஆற்றைக் கடக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் குன்றின் மேல் இருப்பதால் வளாக விடுதியில் தங்குவோர் கவலைப்பட வேண்டியதில்லை. வெளியே, கரைக்கு அருகே வாடகைக்கு வீடு பார்ப்பதானால், குறிப்பாக அது தரைக்குக் கீழான தளமாக இருந்தால், 2018இல் அங்கே தண்ணீர் புகுந்ததா என்று வீட்டுக்காரரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.