பழைய ஆம்னிக்கு எந்த மேனுவல் வாங்கலாம்?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காபித் தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றிப்போக 1997 மாடல் மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்ள ஆசை. அதற்கு ரிப்பேர் மேனுவல் தேடுகிறேன். ஒருவர் மாருதி 800 காரின் மேனுவல் தருகிறேன், எஞ்சின் ஒன்றுதான் என்கிறார். இன்னொருவர், ஆம்னிக்கு மூலமான சுசுகி கேரி வேனின் மேனுவலை போனுக்கே அனுப்பிவிட்டார். மூன்றாவதாக ஆம்னி மேனுவலே ஒன்று விலைக்கு வருகிறது. ஆனால் ரொம்ப மெலிசாக இருக்கிறது. எதை எடுப்பது?"

பணம் கொடுக்கும் முன் முன்சீட்டைத் தூக்குங்கள். எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. டீசலில் நனைத்த துணியால் எஞ்சின் நம்பரைத் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை வயதான வண்டியில் எஞ்சின் மாறியிருந்தால் ஆச்சரியமில்லை. மேனுவலை எஞ்சினைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஆர்.சி. ஆண்டைப் பார்த்து அல்ல. எஃப்8பி என்று இருந்தால் 796 சிசி, மூன்று சிலிண்டர்.

800 மேனுவல் தருபவர் சொல்வதில் பாதி உண்மை. கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) கால 800-லும் இதே குடும்பத்து எஞ்சின்தான். வால்வு இடைவெளி, டைமிங் பெல்ட், பிளக் எல்லாம் அதிலிருந்து படிக்கலாம். ஆனால் 800 முன்சக்கரத்தில் ஓடும் கார். உங்கள் வேன் பின்சக்கரத்தில் ஓடுவது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை இணைக்கும் கிராஸ், பின் அச்சிலுள்ள கிரௌன் பல்சக்கரம் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. மலையேறும் வண்டியில் சத்தம் கேட்கத் தொடங்குவதே அந்த இடங்களில்தான்.

கேரி மேனுவலின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 970 சிசி என்று இருந்தால் உடனே அழித்துவிடுங்கள். அது பிரிட்டனில் விற்ற சூப்பர் கேரிக்கானது, நான்கு சிலிண்டர் எஞ்சின்.

மெலிசான ஆம்னி புத்தகத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது பெரும்பாலும் துணைத் தொகுதியாக இருக்கும். புது மாற்றம் வரும்போது மாறிய பகுதியை மட்டும் அச்சிட்டு, மற்றதை மூல மேனுவலில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அது எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிக்கான தொகுதி என்றால் உங்களுக்கு ஒரு பக்கமும் உதவாது. உங்கள் டேஷ்போர்டில் இழுக்கும் சோக் இருக்கிறதா? இருந்தால் கார்பரேட்டர் வண்டி. அந்தக் காலத்து முழு ஒர்க்‌ஷாப் மேனுவலையே தேடுங்கள். காத்திருந்தாலும் பரவாயில்லை. வண்டியோடு வரும் ஓனர் கையேட்டை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜெராக்ஸ் பிரதியானால், டார்க் அட்டவணைப் பக்கத்தை (எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற பட்டியல்) பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெராக்ஸ் எடுத்தபோது அட்டவணையின் தலைப்பு வரி வெட்டுப்பட்டுவிட்டது, எண்கள் மட்டும் இருந்தன. பையன் ஸ்பார்க் பிளக்குக்கு 25 என்று படித்தான். அது நியூட்டன் மீட்டர். அவன் டார்க் ரெஞ்சில் (வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் தரும் ஸ்பேனர்) வைத்ததோ பவுண்டு-அடி கணக்கில் 25. அதாவது கிட்டத்தட்ட 34 நியூட்டன் மீட்டர். "அண்ணே, இன்னும் டிக்குனு சத்தம் வரலண்ணே" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, ரெஞ்ச் சட்டென்று இளகிச் சுற்றியது. ஏற்கெனவே தேய்ந்திருந்த மரை, ஹெட்டோ அலுமினியம். ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிப்போய் மரை போட்டுக்கொண்டு வந்தோம். அவனை நான் திட்டவில்லை. அந்தப் பிரதியை வாங்கியவன் நான்தான்.

ஏற்காட்டில் ஓடும் வண்டி என்பதால் இன்னும் இரண்டு அத்தியாயங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று கார்பரேட்டர் செட்டிங். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே அளவாக இருக்கும் பெட்ரோல் மேலே அதிகமாகிவிடும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். ஐடில் ஆர்.பி.எம்., மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்யும் முறை இரண்டும் படத்தோடு இருக்க வேண்டும். செட்டிங்கை, வண்டி அதிகம் ஓடும் உயரத்திலேயே செய்யுங்கள்.

அடுத்தது பிரேக். டிரம், லைனிங் தேய்மான அளவுகளும், பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வரிசையும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 டிகிரியே போதும். மழையிலும் பனிமூட்டத்திலும் நிற்கும் வண்டி உங்களுடையது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதித்துக்கொண்டே இறங்கினால், அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து, அடிவாரம் வருவதற்குள் பெடல் பஞ்சாகிவிடும். ஆயில் மாற்றும் காலக்கெடு அந்த மேனுவலில் எழுதியிருக்கும். மேனுவல் கைக்கு வரும்வரை காத்திருக்காமல், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.