சளியில் கிருமி தென்படாதபோதும் காசநோய் என்று மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

"சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையாம், பிறகு எதற்கு 6 மாத மருந்து?" என்பது பினாங்கில் நம் குடும்பங்களில் எழும் நியாயமான கேள்வி. ஆய்வகச் சான்று கிடைக்காதபோது, அறிகுறிகளையும் எக்ஸ்ரே படத்தையும் நோயாளியின் பின்னணியையும் சேர்த்துப் பார்த்து, முழுச் சிகிச்சை தேவை என மருத்துவர் தீர்மானிப்பதையே மருத்துவ முறை நோயறிதல் என்கிறோம்.

நுண்ணோக்கியில் கிருமி தெரிவதற்கு 1 மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். குழந்தைகளின் உடலிலோ கிருமிகள் குறைவு. அவர்கள் சளியைத் துப்பாமல் விழுங்கியும் விடுகிறார்கள். கழுத்து நெறிக்கட்டியிலோ முதுகெலும்பிலோ நோய் இருந்தால் சளியில் எதுவும் வராமலே போகலாம். ஆகவே 2 வாரங்களைத் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குக் காசநோய் (இதை மறைக்காமல் சொல்லுங்கள், குழந்தைகளின் விஷயத்தில் இதுவே பெரிய தடயம்) ஆகியவற்றை மருத்துவர் எடைபோடுகிறார், நிமோனியா, புற்றுநோய் போன்றவை காரணமாக இருக்குமா என்றும் ஆராய்கிறார்.

அடுக்குமாடி மின்தூக்கியில் ஏறியதும் வீசும் மணம், பழப் பருவம், குப்பைத் தொட்டியில் கிடக்கும் முள்தோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால், பழத்தைக் காணாமலே டுரியான் வந்திருப்பதை அறிகிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

கிருமி தெரியாவிட்டால் நோயே இல்லை என்று எண்ணிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பரிசோதனை முடிவு, கொடுத்த சளி மாதிரியில் கிருமி அகப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.