கோஹெசிவ் லேயர் மாடலிங்: கேட்டதுக்கெல்லாம் மொத்தமா பதில்

பசை ஒட்டின ஜாயின்ட், காம்போசிட்ல ப்ளை (ஒரு அடுக்கு) பிரியுறது, அதாவது டீலாமினேஷன், ரெண்டுலயும் நடுவுல இருக்குற மெல்லிசான லேயர எப்படி மாடல் பண்றதுன்னு கேட்டவங்களுக்கு இங்கயே பதில் போட்டுடுறேன். நான் அபாகஸ்ங்கிற ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேர் வச்சுதான் சொல்வேன். வேற சாஃப்ட்வேர்னா பேரு மாறும், கணக்கு மாறாது.

கேள்வி: அக்கா, பசை 0.2 மிமீ தான். சாதா சாலிட் எலிமென்ட்லயே மெஷ் பண்ணிட்டா என்ன?

பதில்: ஸ்டிஃப்னஸ் மட்டும் வேணும்னா தாராளமா பண்ணுப்பா. ஆனா எப்ப உடையும்னு கேட்டா மாட்டிப்ப, ஏன்னா ஓரத்து மூலைல ஸ்ட்ரெஸ் சிங்குலர், மெஷ்ஷ சின்னதாக்க சின்னதாக்க எம்பிஏ (மெகாபாஸ்கல்) ஏறிட்டே போகும், எந்த நம்பர நம்புறதுன்னே தெரியாது. ஒட்டுற லேயருக்குன்னே இருக்குற கோஹெசிவ் எலிமென்ட்ல, ரெண்டு பக்கமும் பிரிய பிரிய ஸ்ட்ரெஸ் ஒரு உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கி பூஜ்யமாகும், அந்த வளைவுக்குக் கீழ இருக்குற பரப்புதான் ஜிசி, அதாவது ஒரு யூனிட் பரப்பு பிரியறதுக்கு செலவாகுற எனர்ஜி. ஐடியா புதுசில்ல, பாரன்பிளாட்டும் டக்டேலும் 1960 வாக்குலயே சொன்னதுதான், 1976ல ஹில்லர்போர்க் ஆளுங்க காங்கிரீட் க்ராக்குக்காக எஃப்இஎம் (ஃபைனைட் எலிமென்ட் முறை) உள்ள கொண்டு வந்தாங்க.

கேள்வி: பசையோட மாடுலஸ் 2000 எம்பிஏ அப்படியே குடுத்தேன். டெஸ்ட்ட விட ஜாயின்ட் ரொம்ப தொளதொளன்னு இருக்கு மேடம், ஏன்?

பதில்: திக்னஸ் செட்டிங்க பாருங்க. டிராக்ஷன் செபரேஷன் (மேல சொன்ன ஸ்ட்ரெஸ்-பிரியுற தூரம் வளைவு) எடுத்தா அபாகஸ் டீஃபால்ட்டா திக்னஸ் 1.0னு வச்சுக்கும், நீங்க வரைஞ்ச 0.2 அதுக்குத் தெரியாது. அப்ப நீங்க குடுக்குறது மாடுலஸ் இல்ல, நேரா கே, அதாவது ஒரு மிமீ பிரிய எவ்ளோ ஸ்ட்ரெஸ் வேணும்ங்கிற ஸ்டிஃப்னஸ். 2000 ÷ 0.2 = 10000 நியூட்டன்/மிமீ³ குடுத்திருக்கணும், அஞ்சு மடங்கு கம்மியா போயிருக்கு. இல்லன்னா செக்ஷன்ல 0.2னு டைப் பண்ணிட்டு 2000 வச்சுக்கோங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஷியருக்கும் இதே கணக்கு, ஜி-ய (ஷியர் மாடுலஸ்) வச்சு.

கேள்வி: டீலாமினேஷன்ல லேயருக்கு தடிமனே இல்லையே, அப்ப கே எவ்ளோ? எல்லாரும் 10 லட்சம்னு போடுறாங்க.

பதில்: அங்க கே மெட்டீரியல் ப்ராப்பர்ட்டியே இல்ல ப்ரோ, பெனால்ட்டி, அதாவது உடையற வரைக்கும் ரெண்டு பக்கமும் பிரியாம புடிச்சு வைக்க நாமளா போடுற நம்பர். டூரான் குழு 2007ல குடுத்த கணக்குப்படி கே = 50 × தடிமன் திசை மாடுலஸ் ÷ பக்கத்து லேமினேட் தடிமன். 10000 எம்பிஏ, 1.5 மிமீ எடுத்தா சுமார் 3.3 லட்சம் வரும். 10 லட்சமும் ஓடும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, ஸ்ட்ரெஸ் ஆட ஆரம்பிக்கும், எக்ஸ்ப்ளிசிட்ல (நேரத்த குட்டி குட்டி ஸ்டெப்பா நகத்துற சால்வர்) கோஹெசிவ் எலிமென்ட் டைம் ஸ்டெப்ப புடிச்சு வச்சிருந்தா கே 100 மடங்கு ஏறும்போது ஸ்டெப் 10 மடங்கு சுருங்கும்.

கேள்வி: டிசிபி (ரெண்டு கையையும் பிரிச்சு இழுக்குற டபுள் கேன்டிலீவர் பீம் டெஸ்ட்) மாடல்ல லோட் கர்வ் ரம்பப் பல்லு மாதிரி வருது, உச்சமும் டெஸ்ட்ட விட அதிகம். ஜிசிய கொறச்சு மேட்ச் பண்ணிடலாமா?

பதில்: அய்யோ வேணாம். ஜிசி டெஸ்ட்ல அளந்த நம்பர், அத தொட்டா அப்புறம் மாடல் எதுக்கு? உங்க பிரச்சினை மெஷ்ஷு. க்ராக் நுனிக்கு முன்னாடி ஸ்ட்ரெஸ் இறங்குற ஒரு குட்டி ஏரியா இருக்கு, அதோட நீளம் சுமார் ஈ × ஜிசி ÷ ஸ்ட்ரென்த் வர்க்கம் (முன்னாடி ஒரு குணகம் உண்டு, ஆளாளுக்கு 0.2லேர்ந்து 1 வரைக்கும் சொல்றாங்க). ஈ (மாடுலஸ்) 10000 எம்பிஏ, ஜிசி 0.3 நியூட்டன்/மிமீ, ஸ்ட்ரென்த் 60 எம்பிஏ போட்டுப் பாருங்க, குணகம் 1 வச்சாலே 0.83 மிமீ தான் வரும். அதுக்குள்ள கொறஞ்சது 3 எலிமென்ட் உக்காரணும், நீங்க 1 மிமீ மெஷ் போட்டிருக்கீங்க, ஒவ்வொரு எலிமென்ட்டா டப்பு டப்புன்னு உடையுது, அதான் பல்லு. மெஷ்ஷ 0.25க்கு கொண்டு போங்க. முடியாதுன்னா ஸ்ட்ரென்த்த 60லேர்ந்து 30க்கு இறக்குங்க, ஜிசி அப்படியே இருக்கட்டும். வர்க்கத்துல வர்றதால நீளம் நாலு மடங்கு ஆயிடும், 3.3 மிமீ, இப்ப 1 மிமீ மெஷ்ஷே ஓடும். ஏற்கெனவே க்ராக் இருக்குற டிசிபி மாதிரி கேஸ்ல ரிசல்ட் பெருசா மாறாது. க்ராக்கே இல்லாம எங்க ஆரம்பிக்கும்னு தேடுற மாடல்ல மட்டும் இந்த தகிடுதத்தம் செய்யாதீங்க, அங்க ஸ்ட்ரென்த்தான் பதிலே.

டிசிபி ரிசல்ட்ட சரிபார்க்க பீம் தியரி போதும்: ஜி = 12பி²ஏ² ÷ (ஈபி²ஹெச்³). இந்த ஜி ஷியர் மாடுலஸ் இல்ல, க்ராக் வளர கிடைக்குற எனர்ஜி, இது ஜிசிய தொட்டா க்ராக் நகரும். மேல இருக்குற பி லோடு, கீழ இருக்குற பி அகலம், ஏ க்ராக் நீளம், ஹெச் ஒரு கையோட தடிமன், ஈ நீளவாக்கு மாடுலஸ்.

கேள்வி: மோட் 2க்கும் (சறுக்கிப் பிரியறது) அதே ஜிசி போடலாமா?

பதில்: கூடாது. ஐஎம்7/8552 கார்பன் எபாக்சில மோட் 1 (இழுத்துப் பிரியறது) சுமார் 0.28, மோட் 2 சுமார் 0.79 நியூட்டன்/மிமீ. எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ரெண்டு மோடும் கலந்து வர்ற இடத்துக்கு பென்செகாக்-கேனேன் ஃபார்முலா போடுங்க.

கேள்வி: பாதில கன்வர்ஜ் ஆகாம நிக்குது. விஸ்காசிட்டி எவ்ளோ ஏத்தலாம்?

பதில்: விஸ்காசிட்டிங்கிறது கணக்கு கன்வர்ஜ் ஆக டேமேஜ்ஜ கொஞ்சம் தாமதப்படுத்துற செயற்கை நம்பர். 1e-5ல ஆரம்பிச்சு ஏத்துங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் ஏஎல்எல்சிடிய (விஸ்காசிட்டி தின்ன எனர்ஜி) ஏஎல்எல்ஐஇ (மொத்த உள் எனர்ஜி) கூட வச்சுப் பாருங்க, ஏஎல்எல்சிடி கண்ணுக்குத் தெரியுற அளவு வளந்துட்டா ஜாயின்ட்ட தாங்குறது பசை இல்ல, நீங்க போட்ட விஸ்காசிட்டி. ஸ்டெப் டைம் மாத்தினாலும் இந்த நம்பரோட அர்த்தம் மாறும், அத நெறைய பேரு மறந்துடுறாங்க.

கேள்வி: உடைஞ்சதுக்கப்புறம் ரெண்டு தகடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போகுது அக்கா!

பதில்: எலிமென்ட் டிலீட் ஆயிடுச்சுல்ல, இனி தடுக்க யாரு இருக்கா? ரெண்டு தகடுக்கும் நடுவுல முதல்லேர்ந்தே காண்டாக்ட் போட்டு வைப்பா.