ஏனையோர்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தைக் கண்காணிக்கிற பொது அமைப்பு ஒன்றில் ஆய்வாளராகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஊதிய இடைவெளி, இனம், மாற்றுத்திறன் என்று நாள் முழுக்க அட்டவணைகள்தான். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால் எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். ஆளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் குறியைப் போடும்போதெல்லாம் ஒரு மனிதரை என் கையால் அழித்தது போல இருக்கிறது. எண்களுக்கு இதயம் கிடையாது. நாங்கள் எழுதும் அறிக்கைகளை யார் வாசிக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. முன்பு சிறுகதை எழுதுவேன், இப்போது ஒரு வரியும் வருவதில்லை. வேலையை விட்டுவிட்டு எழுத்துக்கே வந்துவிடலாமா? அல்லது முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாமா?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

நட்சத்திரக் குறி என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். போன மாதம் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

முனைவர் பட்டத்தை விடுங்கள், அது உங்கள் விருப்பம். வேலையை விட்டால் கதை வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அதையும் விடுங்கள்.

அறிக்கையை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். 1965இல் இந்த நாட்டில் வந்த முதல் இன உறவுச் சட்டம் வேலையைத் தொடவே இல்லை, வாடகை வீட்டையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. 1967இல் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு வெள்ளை ஆங்கிலேயர், ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு வெள்ளையர், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஒரு கறுப்பர் ஆகியோரை ஒரே வேலைக்கும் ஒரே வீட்டுக்கும் போய்க் கேட்கச் செய்தார்கள். மறுப்பது அந்நியர் என்பதற்காகவா, நிறத்துக்காகவா? நிறத்துக்காகத்தான் என்று அந்த ஹங்கேரியரை வைத்தே நிறுவினார்கள். அடுத்த வருடம் சட்டம் வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது, அந்த அறிக்கை அதற்குப் பெரிய காரணம். யாரோ வாசித்திருக்கிறார்கள், பிள்ளை.

எண்களுக்கு இதயம் கிடையாது என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்த காலம் ஒன்று உண்டு. இரவில் கட்டிலில் குந்தியிருந்து விண்ணப்பம் எழுதுவோம், முத்திரையை நக்கி ஒட்டுவோம். பதில் வராது. என்னுடைய இலக்கணம் பிழையோ என்று நான் அகராதியைத் திறப்பேன். ஒருவர் தன் பெயரை வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டெழுத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். குறை எங்களில்தான் என்று நினைத்துக்கொண்டே நாலு பேரும் படுத்தோம்.

2009இல் அரசாங்கம் செய்வித்த ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. தகுதி ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு என்று ஏறக்குறைய மூவாயிரம் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையர் பெயருக்கு ஒரு நல்ல பதில் வர 9 விண்ணப்பம் போதும். எங்களைப் போன்றவர்களின் பெயருக்கு 16 வேண்டும்.

அந்த வித்தியாசம், அந்த ஏழு விண்ணப்பம், எங்கள் பிழையில்லை. அதை வாசித்த அன்று இரண்டெழுத்துப் பெயர்க்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நான் ஒரு கதை எழுதியிருந்தால் 'அது உன்னுடைய அனுபவம்' என்று எவரும் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள். பதினாறையும் ஒன்பதையும் அப்படி முடிக்க ஏலாது. 2016இல் வந்த ஆய்வும் அப்படித்தான். கர்ப்பத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ வேலையிலிருந்து தள்ளப்பட்ட தாய்மார் வருடத்துக்கு 54,000 பேர் இருக்கலாம் என்றது. மேலாளருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து வீட்டில் இருந்து அழுத ஒருத்திக்கு அந்த எண் என்ன செய்திருக்கும்? இதயம் கிடையாதாம்!

சரி, நட்சத்திரத்துக்கு வருகிறேன். அது உங்களை வருத்த வேண்டியதில்லை. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் காப்பதற்காக எண்ணைச் சொல்லவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. நீங்கள் பயப்பட வேண்டியது அதே அட்டவணையின் அடியில், பெரிய எண்ணோடு எந்தக் குறியும் இல்லாமல் இருக்கிற வரிசைக்கு. 'ஏனையோர்.' மனிதர் அழிவது அங்கேதான். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

1991 ஏப்ரலில் குடிசன மதிப்பீடு நடந்தது. இனம் எது என்று அதில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அப்போது இருந்த தலைவரிக்குப் பயந்து பலர் பெயர் கொடுக்காமல் ஒளித்த காலம். எங்களுக்கு மேல்மாடியில், ஊரில் ஆசிரியராக இருந்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கண்ணில் புரை, படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். படிவம் சேர்க்க வந்த பெண்மணி வாசலில் நிற்கிறார். எனக்கு வேலைக்கு நேரமாகிறது. பெட்டிகளை வாசித்துக் காட்டினேன்: வெள்ளையர், கறுப்பர் என்று மூன்று, இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர். கடைசியில் 'வேறு இனக்குழு, விவரிக்கவும்' என்று எழுத இடம் விட்டிருந்தார்கள்.

"இந்தியர் எண்டு போடுறன் மாஸ்டர்."

"நாங்கள் இந்தியர் இல்லையே தம்பி. நான் அங்கை கால் வைச்சதே இல்லை."

"உதை ஆர் பாக்கப் போகினம்? கிட்டடியில இருக்கிற பெட்டி அதுதான்."

"எழுத இடம் விட்டிருக்கினம் எண்டு சொன்னீர்?"

அவருடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அதில் எதையாவது எழுதினால் பிறகு கேள்வி வரும் என்றேன். அப்படி ஒன்றும் வராது, அந்தத் தகவல் வேறு எங்கும் போகாது. எனக்கு அது தெரியாது, விசாரிக்கவும் இல்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். "சரி, நீர் சொல்லுறபடி போடும்." போட்டேன். இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த மனிதர்.

போன மாதம் அவருடைய மரண அறிவித்தலைப் பார்த்தேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட என்று வழமைபோல் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் அதில் ஊரின் பெயரைப் பிழைவிட்டால் சண்டைக்கே போவார்கள். அந்த ஊரைத்தான் அன்றைக்கு நான் எழுத விடாமல் தடுத்தேன்.

இன்றைக்குப் படிவம் மாறிவிட்டது. இங்கிலாந்தில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் எல்லோருக்கும் பெட்டி உண்டு. எங்களுக்கு 'வேறு ஆசியப் பின்னணி'. அந்தப் பெட்டிக்குள் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிற தமிழ்த் தாய் இருக்கிறார், கூர்க்கா சிப்பாயின் நேபாள விதவை இருக்கிறார், பிலிப்பைன்ஸ் தாதி இருக்கிறார், வங்கியில் வேலை செய்கிற ஜப்பானியரும் இருக்கிறார். எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற சம்பளம் யாருடையது? ஒருவருடையதும் இல்லை. ஆனால் பெரிய எண்ணிக்கை, நம்பகமான எண் என்று அறிக்கையில் ஏறிவிடும். 2011 கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைப் பிரதான மொழி என்று சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மொழியைக் கேட்டதால் அங்கே தெரிந்தார்கள். இனம் என்ற அட்டவணையில் அவர்களைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பா முழுக்கச் சிதறி வாழ்கிற ரோமா மக்களுக்குத் தனிப் பெட்டி வந்ததே 2021இல்தான். கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

அப்புறம் நாங்களே மறைக்கிற ஒன்று இருக்கிறது. இவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2010 சமத்துவச் சட்டம் சொல்கிற ஒன்பது தன்மைகளில் சாதி என்று ஒன்று இல்லை. அதே வருடம் அரசாங்கத்துக்காகச் செய்த ஆய்வு, வேலைத்தலத்திலும் பள்ளியிலும் சாதிப் பாகுபாடு இருப்பதற்கு ஆதாரம் கண்டது. சாதியையும் சேர் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. 2018இல் அரசாங்கம், வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. எங்கள் ஆட்களிடம் கேளுங்கள், இஞ்சை அதெல்லாம் இல்லை என்பார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கும்வரை அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பொய்க்கு உங்கள் அட்டவணையும் துணைபோகக் கூடாது.

ஆகவே வேலையை விடுகிற பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அடுத்த தரவு கையில் வரும்போது, மக்கள் தங்கள் கையால் எழுதிய விடைகள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் கூட்டிக் கணக்கிட முன்னம் ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒருவர் தமிழ் என்று எழுதியிருப்பார், ஒருவர் சிலோன் என்று, ஒருவர் ஊர்ப்பெயரையே. அடுத்த தடவை படிவம் தயாரிக்கும்போது அந்தப் பட்டியலோடு போய் நில்லுங்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது நீங்கள் அதைச் செய்திருக்க வேண்டும்.

கதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், வேறொரு நாளில் எழுதுகிறேன்.

குடிசனப் படிவங்களை நூறு வருடம் பூட்டி வைப்பார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில்தான் பொதுமக்களுக்குத் திறந்தன. அதே முறையில் மாஸ்டருடையது 2092இல் திறக்கும். பிறந்த நாடு இலங்கை, இனம் இந்தியர் என்று இருக்கும். அதைப் பார்க்கிற ஆய்வாளர், இவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த இந்தியரின் வழித்தோன்றல் என்று குறித்துக்கொண்டு அடுத்த படிவத்துக்குப் போவார். எழுத்து என்னுடையது.

அன்புடன்.