ஒப்புக்குச் சப்பாணி – கடிதம்

அன்புள்ள சார்,

அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை நான். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு பீரியட் என்றால் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். எட்டாம் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், நேராக வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால் வயிற்றுவலி, தலைவலி, செருப்பு அறுந்துபோச்சு. மிரட்டினேன். மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன். "சத்தம் போடாம உட்கார்ந்திருக்குதுங்க, விடுங்க டீச்சர்" என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். பள்ளி நாட்களில் விளையாட்டு வகுப்பை வெறுத்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்களை எப்படி மைதானத்துக்கு வரவழைத்திருக்க முடியும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

வெறுத்தேன் என்று எழுதியது பாதி பொய். சாயங்காலம் தெருவில் கிளித்தட்டு ஆடியவன்தான் நான், அம்மா வந்து காதைத் திருகும்வரை. பள்ளியில் நான் பயந்தது ஆள் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு. இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்வார்கள். கடைசியில் நானும் இன்னொருவனும் நிற்போம். "இவன நீயே வெச்சுக்கடா" என்று ஒரு பெருந்தன்மை. ஒப்புக்குச் சப்பாணி என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறோம் (நடக்க முடியாதவரையும் சேர்த்து இழிவு செய்கிற பெயர்). அப்படி நின்ற பிள்ளைக்கு அடுத்த வாரம் அதே மணி அடிக்கும்போது வயிறு நிஜமாகவே வலிக்கும்.

ஆகவே கேப்டன்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம், தீர்ந்தது. மிட்டாயும் வேண்டாம். மிட்டாய்க்காக வந்தவள் மிட்டாயைத் தின்றுவிட்டு மரத்தடிக்குத்தான் போவாள்.

அப்புறம், ஒரு கயிறு. மஸ்கா மாஸ்டன் என்று ஒருவர் இருந்தார். உடற்கல்வியைக் கற்பிக்கும் முறைகள் பற்றி 1966இல் நூல் எழுதியவர். உயரம் தாண்டுவதை நாம் எப்படி நடத்துகிறோம்? கயிற்றைக் கிடையாகப் பிடிக்கிறோம், சுற்றுக்குச் சுற்று ஏற்றுகிறோம், தாண்டாதவரை ஓரமாக உட்காரச் சொல்கிறோம். அதாவது யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அவரைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம். மாஸ்டன் கயிற்றைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனை கணுக்கால் உயரத்தில், மறுமுனை மார்பளவில். எந்த இடத்தில் தாண்டுவது என்று பிள்ளையே முடிவு செய்யும். யாரும் அவுட் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், தாழ்ந்த முனையில் தாண்டியவள் இரண்டு முறைக்கு மேல் அங்கேயே நிற்கமாட்டாள். யாரும் சொல்லாமலே அரையடி தள்ளிப் போவாள். இதே கண்ணோடு உங்கள் மற்ற ஆட்டங்களையும் பாருங்கள். கோகோவில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஓடுபவர் ஒருவர். பீரியட் முழுக்க முதுகில் ஒரு 'கோ'கூட வாங்காத பிள்ளை யார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. 11 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட உடலசைவு இல்லாதவர்கள் உலகளவில் 81 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. ஆண்களில் 78, பெண்களில் 85. உங்கள் வேப்பமரத்தின் நிழல் பெரியது டீச்சர். மைதானம் சாலையைப் பார்த்து இருக்கிறதா? பெட்டிக்கடையில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா? கட்டடத்துக்குப் பின்னால் இடமிருந்தால் கயிற்றை அங்கே கொண்டுபோங்கள். துப்பட்டாவை வகுப்பறையிலேயே வைத்துவிட்டு வரலாமா என்று தலைமையாசிரியரிடம் நீங்கள் கேளுங்கள், பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். மாதவிடாய் நாட்களில் ஏன் எதற்கு என்று விசாரிக்காதீர்கள். இரண்டிரண்டு பேராக மைதானத்தைச் சுற்றிப் பேசிக்கொண்டே நடக்கட்டும். பேச்சு சுவாரசியமானால் எத்தனை சுற்று என்று அவர்களுக்கே தெரியாது.

முதல் நாள் கயிறு பிடிக்கும் வேலையை மரத்தடிக்காரர்களில் இருவரிடமே கொடுங்கள். கையில் சுற்றிக்கொள்ளாமல் லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள், கால் தட்டினால் நழுவிவிட வேண்டும். இரண்டாம் வாரம் ஆளை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கயிற்று முனையே இன்னொரு வேப்பமரமாகிவிடும்.

அன்புடன்.